செவியருகே சொல்லும் பாடம்



இலக்கிய வட்டமொன்றின் பத்தாண்டு நிறைவு விழாவில், முதிய பெற்றோர்க்குத் தியானத்தையும் மூச்சுப் பயிற்சியையும் அறிமுகப்படுத்துவது பற்றிப் பேசுவது சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். வட்டம் தொடங்கியபோது நாற்பத்தைந்தில் இருந்தவர் இன்று ஐம்பத்தைந்தில் இருக்கிறார். அவருடைய தந்தை எண்பதைக் கடந்துவிட்டார். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள். கூட்டத்திற்கு வரவியலாத உறுப்பினர் சொல்லும் காரணங்களில் "அம்மாவைத் தனியே விட்டுவிட்டு வர முடியவில்லை" என்பது இன்று எவ்வூர் வட்டத்திலும் கேட்கும் சொல். ஆகவே இப்பொருள் இந்த அவைக்கு அயலானதன்று. அன்றியும், மூச்சு என்பது கவிஞரின் கருவி. அதனை மருத்துவரிடமும் யோக ஆசிரியரிடமும் முழுவதுமாக ஒப்படைத்துவிட வேண்டியதில்லை.

வழக்கமாக நடப்பது இதுதான். வெளியூரில் பணிபுரியும் மகனோ மகளோ நாற்பது, ஐம்பது வயதில் மன இறுக்கத்தாலோ முதுகுவலியாலோ ஒரு பயிற்சி வகுப்பிற்குச் செல்கிறார். பயன் காண்கிறார். புதிதாகப் பயன் கண்டவர்க்கு உரிய ஆர்வத்தோடு விடுமுறைக்கு ஊருக்கு வருகிறார். அன்று ஒலிநாடா, பின்னர்க் குறுந்தகடு, இன்று கைப்பேசி. கருவி எதுவாயினும் காட்சி ஒன்றே. "அப்பா, கண்ணை மூடி இருபது நிமிடம் உட்கார்ந்தால் போதும், இரத்த அழுத்தம் குறையும்" என்று மகன் தொடங்குகிறார். தந்தை நாளிதழிலிருந்து கண்ணை எடுக்காமல், "நான் பார்க்காத தியானமா? நாற்பது வருஷம் அலுவலகத்திலே பண்ணினது வேறே என்னவாம்?" என்கிறார். அம்மாவோ, "எனக்கு எதுக்குப்பா இதெல்லாம்? அடுப்பிலே பால் இருக்கு" என்று எழுந்துவிடுகிறார். மூன்றாம் நாள் மகன் ஊருக்குத் திரும்புகிறார். கைப்பேசியில் ஏற்றித் தந்த பயிற்சி அங்கேயே கிடக்கிறது.

இந்த மறுப்பைப் பிடிவாதம் என்று தள்ளிவிடுவது எளிது. அதற்குள் பல அடுக்குகள் உள்ளன. தந்தைக்கு, தாம் கற்பித்தவனிடமே கற்க வேண்டிவரும் கூச்சம். தாய்க்கு, தமக்கென ஒரு கால் மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளும் பழக்கமே வாழ்நாளில் ஏற்படாமை. இருவர்க்கும் பொதுவாக ஓர் ஐயம்: "நம் உடம்பைப் பற்றி இவன் இவ்வளவு கவலைப்படுகிறான் என்றால், நமக்குத் தெரியாத எதுவோ இவனுக்குத் தெரிந்திருக்கிறது." வள்ளுவர் மக்கட்பேற்று அதிகாரத்தில், மக்கள் தம்மினும் அறிவுடையராதல் பெற்றோரினும் உலகத்து உயிர்க்கெல்லாம் இனியது என்கிறார். அந்த ஒப்பீட்டின் நயம் முதியவரிடம் பாடம் சொல்லப் போனவர்க்கே நன்கு விளங்கும். உலகம் மகிழும் அளவுக்குத் தந்தை உடனே மகிழ்ந்துவிடுவதில்லை.

மகன் தந்தைக்குப் பாடம் சொன்ன கதை தமிழர்க்குப் புதிதன்று. குடந்தைக்கு அருகே சுவாமிமலையில் அது கோயிலாகவே நிற்கிறது. தமிழ் ஆண்டுகள் அறுபதைக் குறிக்கும் அறுபது படிகள் ஏறினால் மேலே மகன் சுவாமிநாதன். கீழே தந்தை சுந்தரேசுவரர். பிரணவத்தின் பொருள் தெரியாத நான்முகனைச் சிறையிட்ட பிள்ளையிடம், "உனக்குத் தெரியுமா?" என்று தந்தை கேட்கிறார், கேட்கும் முறையில் கேட்டால் சொல்வதாகப் பிள்ளை சொல்கிறான். அக்கதையில் பெரிதும் போற்றப்படுவது தந்தை மாணவராக அமைந்த பணிவு. கவனிக்கப்பட வேண்டிய வேறொன்றும் உண்டு. பாடம் அவையில் சொல்லப்படவில்லை, செவியில் சொல்லப்பட்டது. ஓவியங்களிலும் சுதைகளிலும் பிள்ளை தந்தையின் அணைப்பிலேயே இருக்கிறான். அணைப்பிலிருந்து இறங்காமல், பிறர் கேளாமல், தாழ்ந்த குரலில் சொன்னதனால்தான் அது தந்தைக்கு இழிவாகவில்லை. உறவினர் கூடியிருக்கும் கூடத்தில், மருமக்களும் பேரர்களும் பார்த்திருக்க, "அப்பா, நிமிர்ந்து உட்காருங்கள்" என்று திருத்தும் மகன் இந்தக் கதையைச் சரியாகக் கேட்டவரல்லர். பாகவதத்தில் கபிலர் தம் தாய் தேவகூதிக்கு மெய்ப்பொருள் உரைக்கிறார். அங்கும் கேள்வி தாயிடமிருந்தே பிறக்கிறது; கேளாத தாய்க்கு அவர் விடை சொல்லவில்லை.

நிற்க. இப்பொருளில் நெருடலான இடம் ஒன்று இருக்கிறது. அதனைத் தாண்டாமல் பயிற்சி முறைகளுக்குள் போவது முறையாகாது.

தியானம் என்பது பெரும்பாலும் மௌனத்தையும் தனிமையையும் பரிந்துரைக்கிறது. பகல் முழுதும் இரைச்சலில் உழலும் ஐம்பது வயதினர்க்கு அவை அருமருந்து. கணவரை இழந்து, பிள்ளைகள் பிரிந்து, காலை பால்காரர் வந்து போன பின் மாலை வரை ஒரு குரலும் கேளாத எழுபத்தெட்டு வயதுத் தாய்க்கு மௌனம் எதற்கு? அவரிடம் அது வேண்டிய மட்டும் இருக்கிறது. கண்ணை மூடினால் அவர் முன் வருவது அமைதியாக இருக்க வேண்டும் என்னும் கட்டாயமில்லை. மருத்துவமனையின் கடைசி இரவாகவும் இருக்கலாம். அத்தகையவரிடம் "தினமும் தியானம் செய்யுங்கள் அம்மா, மனசு சரியாகிவிடும்" என்று தொலைபேசியில் சொல்லும்போது, உண்மையில் சொல்லப்படுவது என்ன? "உங்கள் தனிமையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்பதாக அவர் காதில் விழக்கூடும். முதியோர் பலர் பயிற்சியை மறுப்பதில் இந்தக் கூர்மையும் இருக்கிறது. தமக்கு வேண்டியது எது, அதற்கு ஈடாகத் தரப்படுவது எது என்பது அவர்களுக்குத் தெரிகிறது.

ஆகவே முதற்பாடம் கற்பிக்கிறவர்க்கு உரியது. அது உடன் அமர்தல். பத்து நிமிடம் பெற்றோர் தனியே செய்யும் பயிற்சியைவிடப் பிள்ளையோடு சேர்ந்து செய்யும் ஐந்து நிமிடம் நெடுநாள் நிலைக்கும். வெளியூரில் இருப்பவர் தொலைபேசியை ஒலிபெருக்கியில் வைத்து இரு முனையிலும் ஒரே வேளையில் மூச்சை எண்ணலாம். எண்ணி முடித்த பின் வரும் பேச்சு, பெரும்பாலும் "மாத்திரை போட்டாயிற்றா" என்பதைத் தாண்டிப் போகிறது. பயிற்சியின் பயனில் பாதி அந்தப் பேச்சில் இருக்கிறது என்று சொன்னால் யோக நூலார் சினப்பர். உண்மை பெரும்பாலும் அதுவே.

இனி எங்கே தொடங்குவது? பெற்றோரிடம் ஏற்கெனவே இருக்கும் மூச்சிலிருந்து தொடங்குவதே தக்கது. இங்கேதான் கவிஞர்க்கு வேலை இருக்கிறது.

தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துப் பிறப்பியலில், எழுத்தொலி கொப்பூழ்ப் பகுதியிலிருந்து எழும் காற்றாகத் தொடங்கி, தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்திப் பிறப்பதை வகுத்துரைக்கிறார். அவ்வியலை முடிக்குமிடத்தில் அவர் ஒரு வரையறை செய்துகொள்கிறார். உள்ளே எழுந்து திரியும் காற்றின் அளவை ஆராய்வது அந்தணர் மறைக்கு உரியது. இந்நூல் வெளிப்பட்டுச் செவியில் ஒலிக்கும் காற்றின் அளவையே சொல்லும் என்பது அதன் கருத்து. உள்மூச்சின் கணக்கு ஒரு துறை, வெளிமூச்சின் கணக்கு மற்றொரு துறை என்று இலக்கண ஆசிரியர் அன்றே எல்லை கட்டிவிட்டார். தியானம் கற்பிப்போர் முதல் துறையினர். யாப்புக் கற்றோர் இரண்டாம் துறையினர். முதியவரிடம் போகும்போது இரண்டாம் வழியே எளிது. உள்ளே போகச் சொன்னால் அஞ்சுபவரும், பாடச் சொன்னால் பாடுவர்.

எழுபது வயதைக் கடந்த தமிழ்த் தாய்மார் பலர்க்கு விநாயகர் அகவல் மனப்பாடம். ஔவையார் பெயரில் வழங்கும் அந்த அகவலில் மூலாதாரமும் இடைகலை பிங்கலையும் சுழுமுனையும் வருகின்றன. மூலாதாரத்துக் கனலைக் 'கால்' கொண்டு எழுப்புவதாக வரும் இடத்தில் கால் என்பது காற்று, அதாவது மூச்சு. ஐம்பது ஆண்டு பிள்ளையார் முன் நின்று இதனைச் சொல்லிவரும் அம்மையாரிடம் போய், 'பிராணாயாமம் என்று ஒன்று இருக்கிறது' என்று புதுச் செய்தி போலச் சொல்வது எத்துணை வேடிக்கை! அவர் நாவில் அது அரை நூற்றாண்டாக இருக்கிறது. பொருளைக் காட்டித் தந்தால் போதும். அதனையும், "அம்மா, இந்த இடத்துக்கு என்ன பொருள் சொல்லுவாங்க?" என்று அவரிடமே கேட்டுத் தொடங்கினால் பாடம் அவருடையதாகிவிடும்.

கட்டளைக் கலித்துறை இதற்கு இன்னும் ஏற்றது. அபிராமி அந்தாதியின் நூறு பாடல்களும் அவ்யாப்பில் அமைந்தவை. நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீங்கலாக எழுத்துப் பதினாறு, நிரையசையில் தொடங்கினால் பதினேழு என்னும் கட்டளை அவையோர் அறிந்ததே. அடிதோறும் எழுத்தெண்ணிக்கை ஏறக்குறைய ஒத்திருப்பதால் அடிதோறும் செலவாகும் மூச்சும் ஏறக்குறைய ஒத்திருக்கும். நிதானமாகச் சொன்னால் ஓரடிக்கு ஐந்தாறு விநாடி. அடியிறுதியில் மூச்சை மெல்ல இழுக்க மூன்று நான்கு விநாடி. ஓரடிக்கு ஒரு மூச்சு என்று வைத்துக்கொண்டால் நிமிடத்திற்கு ஆறு, ஏழு மூச்சு ஆகிறது. ஓய்வாக இருக்கும் வளர்ந்தவர் இயல்பாக விடும் மூச்சோ நிமிடத்திற்குப் பன்னிரண்டு முதல் இருபது. கந்த சஷ்டி கவசம் இதற்கு அவ்வளவாக உதவாது. பலர் வீட்டில் அது விரைந்து செல்லும் நடையிலேயே பழகிவிட்டது. அதனை நிறுத்தி நிறுத்திச் சொல்லச் சொன்னால் அம்மாவுக்கு அடியே மறந்துபோகும்.

இந்த ஆறு என்னும் எண்ணுக்கு அறிவியல் சான்றும் உண்டு. இத்தாலிய மருத்துவர் இலூசியானோ பெர்னார்தி தலைமையில் 2001ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வில், உடல்நலமுள்ள 23 பேர் இலத்தீன் மொழியில் செபமாலை மன்றாட்டையும், 'ஓம் மணி பத்மே ஹூம்' என்னும் மந்திரத்தையும் ஓதினர். இரண்டிலும் மூச்சு நிமிடத்திற்கு ஆறு என்னும் அளவில் சென்று நின்றது. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் அதே தாளத்தில் இசைந்து ஏறியிறங்கின. எந்தச் சமயத்துச் சொல் என்பதில் வேறுபாடில்லை. சொல்லின் நீளமே மூச்சை நடத்தியது. 2004இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, ஓமரின் ஒதீசியைச் செர்மன் மொழிபெயர்ப்பில் அறுசீரடி யாப்போடு ஓதுவோரின் மூச்சும் இதயத் துடிப்பும் ஒத்திசைவதைக் காட்டியது. யாப்பைப் பழமை என்று ஒதுக்குவோரும் பேணுவோரும் இந்த அவையில் சம அளவில் இருக்கக்கூடும். இருசாராரின் வழக்கும் இங்கே தீரப்போவதில்லை. முதியவரின் நெஞ்சுக்கூட்டில் யாப்பு இன்னும் வேலை செய்கிறது என்பதை மட்டும் இருவரும் ஒப்பலாம். செபமாலை உருட்டும் கிறித்தவ மூதாட்டிக்கும், தஸ்பீஹ் மணி எண்ணும் இசுலாமியப் பெரியவர்க்கும் இதுவே பொருந்தும். அவர்கள் எண்ணிக்கொண்டிருப்பதைச் சற்று மெதுவாக எண்ணத் துணைநிற்பதே பிள்ளைகள் செய்யக்கூடியது. கடவுட் கொள்கையில்லாத தந்தைக்குத் திருக்குறள் இருக்கிறது. பள்ளிநாளில் கற்ற பாரதிதாசன் இருக்கிறார்.

பெற்றோர் அறிந்ததிலிருந்து தொடங்குவதற்கு இதனினும் சிறந்த சான்றொன்று திருவண்ணாமலையில் கிடைக்கிறது. 1896இல் மதுரையை விட்டுச் சென்ற வேங்கடராமன் என்னும் சிறுவனை, பின்னாளில் ரமணர் என்று உலகம் அறிந்தவரை, 1898இல் தாய் அழகம்மாள் தேடிச்சென்று வீட்டுக்கு அழைத்தார், அவர் வரவில்லை. 1916 முதல் தாயே அங்குத் தங்கினார். விரூபாட்ச குகையில் ஒருநாள் தாய் அப்பளம் இட முனைந்து மகனை உதவிக்கு அழைத்தபோது பிறந்தது அப்பளப் பாட்டு. தியானம் செய் என்று தாய்க்குச் சொல்லும் பாட்டுத்தான் அது. ஆனால் உளுந்து, பிரண்டைச் சாறு, சீரகம், மிளகு, உப்பு, பெருங்காயம் என்று தாயின் கைக்குப் பழகிய பொருள்களாலேயே அது சொல்லப்படுகிறது. 'நான்' என்னும் முனைப்பு அதில் உளுந்து. 'நான் யார்' என்னும் விசாரணை அதனை உடைக்கும் திரிகை. நல்லோர் கூட்டுறவு பிரண்டைச் சாறு. இடிப்பதும் இடுவதும் பொரிப்பதும் ஒவ்வொன்றாக உள்முகமாகின்றன. அப்பளம் இடும் முறை தெரியாதவர்க்கு அப்பாட்டின் வழி திறக்காது; தெரிந்தவர்க்கு உரையாசிரியர் வேண்டியதில்லை. கேட்பவரின் தொழிலைக் கற்றுக்கொண்டு பேசிய ஆசிரியர் அவர். ஞானியான மகன், அடுக்களையை விட்டு வா என்று தாயை அழைக்கவில்லை என்பதும் நோக்கத்தக்கது.

இதனைப் பின்பற்றக் கவிதை எழுதத் தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. தறி நெய்தவர்க்கு நாடாவின் போக்குவரத்து இருக்கிறது. வயலில் நின்றவர்க்கு ஏற்றம் இறைத்த நினைவு இருக்கிறது. தையற்பொறி மிதித்த தாய்க்குக் காலின் சீரான அசைவு இருக்கிறது. மூச்சு போவதும் வருவதும் அவற்றோடு ஒப்பிடப்பட்டால் ஒருநாளும் மறவாது. "மூலாதாரத்திலிருந்து சகஸ்ராரம் வரை" என்று தொடங்கினால் மறுநாளே மறந்துபோகும்.

இனி உடல் பற்றிச் சில செய்திகள். இதில் கவனக்குறைவு தீங்கு செய்யும் என்பதால் சற்று வெளிப்படையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதுமையில் மார்புக்கூடு விறைக்கிறது, நுரையீரலின் சுருங்கும் தன்மை குறைகிறது, உதரவிதானம் வலுவிழக்கிறது. விளைவாக, மூச்சை முழுதும் விட்ட பின்னும் உள்ளே தங்கிவிடும் காற்றின் அளவு மிகுகிறது. ஆகவே முதியவர்க்கு "நன்றாக மூச்சை இழுங்கள்" என்று சொல்வதைக் காட்டிலும் "மெதுவாக விடுங்கள்" என்று சொல்வதே பொருத்தம். நன்றாக வெளியேறினால் உள்ளே வருவது தானே வரும். மூச்சை விடும்போது அலைநரம்பு வழியாக இதயத் துடிப்பு சற்றுத் தணிவதால், நீண்ட வெளிமூச்சு அமைதியும் தருகிறது.

திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகம் கூறுவது. அங்கே பூரகத்துக்குப் பதினாறு, கும்பகத்துக்கு அறுபத்து நான்கு, இரேசகத்துக்கு முப்பத்திரண்டு என்னும் மாத்திரைக் கணக்கு வருகிறது. திருமூலர் சொன்னதாயிற்றே என்று எழுபத்தைந்து வயதுத் தந்தையை அறுபத்து நான்கு மாத்திரை மூச்சடக்கச் சொல்பவரும் இருக்கிறார்கள். அது பக்தியன்று, அறியாமை. அக்கணக்கு, ஆசானின் பார்வையில் இளமை முதல் பயின்று முதிர்ந்தவர்க்கு உரியது. இதயநோய், உயர் இரத்த அழுத்தம், கண்ணழுத்த நோய், குடலிறக்கம் உடையவரும், அண்மையில் கண்ணிலோ வயிற்றிலோ அறுவை செய்துகொண்டவரும் மூச்சை அடக்குதலையும், கபாலபாதி, பஸ்திரிகை போன்ற விரைவு மூச்சு வகைகளையும் தவிர்த்தல் வேண்டும். முதுமையில் இந்நோய்களில் ஒன்றேனும் இல்லாதவர் அருகியே காணப்படுவர் என்பதால், மருத்துவர் ஒப்பாதவரை இவற்றை எல்லோர்க்கும் விலக்கிவிடுவதே நன்று. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுள்ளவர்க்கு மருத்துவர்களே கற்பிக்கும் முறை ஒன்று உண்டு: மூக்கால் இழுத்து, விளக்கை அணைக்காமல் சுடரை மட்டும் அசைப்பதுபோல் உதட்டைக் குவித்து மெல்ல ஊதுதல். அதனையே அவர்கள் பயிற்சியாகக் கொள்ளலாம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். மெதுவான மூச்சு இரத்த அழுத்தத்தைச் சிறிது தணிக்கக்கூடும், மாத்திரைக்கு மாற்றாகாது. "தியானம் செய்கிறேன், மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்று பெருமையாகச் சொல்லும் தந்தையைப் பாராட்டுவதற்கு முன் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

செய்முறை மிக எளிது. கைப்பிடியுள்ள நாற்காலி, முதுகுக்குச் சாய்வு, பாதம் இரண்டும் தரையில். மூட்டுத் தேய்ந்தவரைப் பத்மாசனத்தில் அமர்த்த முயல்வது கொடுமை. ஒரு கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, மூக்கால் இழுத்து, இழுத்ததைவிடச் சற்று நீளமாக விடுதல். உண்டவுடன் வேண்டா. காலையில் காப்பிக்கு முன்பா பின்பா என்னும் வாதத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் காப்பியே வெல்லும், வெல்லட்டும். தலை சுற்றினால் நிறுத்தி இயல்பாக மூச்சுவிட வேண்டும். கண் மூடினால் துயரம் எழுபவர் கண்ணைத் திறந்தே இருக்கலாம். விளக்குச் சுடரையோ முற்றத்துத் துளசியையோ பார்த்திருப்பதும் தியானமே. காது மந்தமானவர்க்குப் பதிவுசெய்த குரல் உதவாது. கையைப் பற்றி, விரலால் மெல்ல அழுத்தி மூச்சின் போக்கை உணர்த்தலாம். வண்டு முரல்வதுபோல் 'ம்' என்று ஒலித்து மூச்சைவிடும் பிராமரி முதியோர் பலர்க்கும் பிடித்துப்போகிறது. மெல்லெழுத்து மூக்கின் வளியால் இசைப்பது என்று இலக்கணம் படித்தவர்க்கு அதன் காரணம் சொல்லாமலே விளங்கும். வாய் மூடியிருக்க, காற்று மூக்கின் வழியே கசிந்து கசிந்துதான் வெளியேற முடியும்.

ஆளுக்கேற்பப் பயிற்சியை மாற்ற வேண்டும் என்னும் கொள்கையைச் சென்னையில் நிலைநாட்டியவர் யோக ஆசான் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989). நூறாண்டைத் தொட்ட அவர், வயதுக்கும் நோய்க்கும் வலிமைக்கும் ஏற்ப ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே கற்பித்தார். பொறியியல் கற்ற மகன் தேசிகாசார் அத்தொழிலை விட்டுத் தந்தையிடம் மாணவரானார்; 1976இல் தந்தையின் பெயரால் சென்னையில் யோக மந்திரம் நிறுவினார். நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி (1911–2006) வகுத்த எளியமுறை உடற்பயிற்சியும் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் வரை பரவியிருக்கிறது. அருகில் நல்ல ஆசிரியர் உளராயின் பிள்ளைகள் தாமே ஆசிரியராக முயலாமல், தந்தையோடு மாணவராகச் சேர்ந்து அமர்வது இன்னும் நன்று. ஒரே வகுப்பில் தந்தையும் மகனும் தவறு செய்யும்போது முன்சொன்ன கூச்சம் பெருமளவு கரைந்துவிடுகிறது.

நினைவு தளர்ந்துவரும் பெற்றோரிடம் இதன் பயன் வேறு வகையானது. நேற்று வந்தவர் பெயர் மறந்தவர்க்கும் சிறுவயதில் பாடிய பாட்டு பல வேளைகளில் மறப்பதில்லை. முதலடியை எடுத்துக் கொடுத்தால் இரண்டாமடி வருகிறது. அதனோடு மூச்சும் சீராகிறது. மகளை யாரென்று கேட்கும் தாய், மகள் தொடங்கிய அந்தாதியை முடித்து வைப்பதுண்டு. அவ்வேளையில் பயிற்சி, தியானம் என்னும் பெயர்களெல்லாம் பொருளற்றுப் போகின்றன. இருவரும் ஒரே அடியில் மூச்சு வாங்குகிறார்கள், அவ்வளவே.

படுக்கையில் விழுந்த பின்னும் எண்ணுவதற்கு ஒன்று எஞ்சுகிறது. அழகம்மாளின் இறுதி நாளான 19-5-1922 அன்று, ரமணர் தாயின் அருகே அமர்ந்து, ஒரு கையை அவர் நெஞ்சின்மீதும் மற்றொரு கையைத் தலைமீதும் வைத்தபடி, மூச்சு அடங்கும் வரை பல மணி நேரம் இருந்தார். அதற்கு அடியார்கள் தரும் தத்துவ விளக்கம் பெரிது. அதனை ஏற்பாரும் ஏலாதாரும் இருக்கலாம். கையை எடுக்காமல் இருந்தார் என்பதில் ஐயமில்லை.

இறுதியாக வட்டத்திற்கு ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டின் கூட்டங்களில் ஒன்றை உறுப்பினர்தம் பெற்றோர்க்கென ஒதுக்கலாம். கவியரங்கம் அன்று வேண்டா. ஒவ்வொரு முதியவரும் தமக்கு மனப்பாடமான ஒரு பாட்டை, அது தேவாரமாயினும், தாலாட்டாயினும், நாற்று நட்ட காலத்துப் பாட்டாயினும், தம் மூச்சின் அளவிலேயே சொல்லட்டும். பிள்ளைகள் அடிதோறும் எத்தனை விநாடி என்று குறித்துக்கொள்ளட்டும். யாப்பறிந்தவர் சீர் பிரித்துப் பார்க்கட்டும். அக்குறிப்புகளிலிருந்து எந்தப் பாட்டு யாருடைய மூச்சுக்குப் பொருந்தும் என்பது தெரியவரும். வீட்டுக்குச் சென்று அதனையே நாள்தோறும் ஐந்து நிமிடம் உடன் அமர்ந்து சொல்லிப் பழகலாம். கூட்டத்தைப் பகல் பத்து மணிக்கு வைப்பது நல்லது. மாலையில் பலர்க்குக் கண் தெரிவதில்லை. மாடி அரங்கம் ஆகாது. நாற்காலிகள் கைப்பிடி உடையனவாக இருத்தல் வேண்டும்.